பகைவர் வீட்டுப் பந்தியில் நம் பிள்ளை



பத்தாம் வகுப்பில் பயிலும் ஒரு பிள்ளையை, மொழி தெரியாத நாட்டில், முன்பின் கண்டிராத ஒரு குடும்பத்தின் பொறுப்பில் பல வாரங்கள் விட்டுவைக்க எந்தப் பெற்றோர் துணிவர்? கோடை விடுமுறைக்குப் பாட்டி வீடு சென்ற பிள்ளை ஒரு நாள் தாமதித்து வந்தாலே வாசலுக்கும் தெருவுக்குமாக நடக்கிறோம் நாம். ஆயினும் உலகின் பல நாடுகளில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பெற்றோர் மனமுவந்து இதைச் செய்கிறார்கள். மாணவர் பரிமாற்றம் என்பது இதற்குப் பெயர். ஒரு நாட்டு மாணவன் மற்றொரு நாட்டு மாணவனின் இல்லத்தில் தங்கி, அவனோடு பள்ளிக்குச் சென்று, அவன் தாய் பரிமாறுவதை உண்டு, அவன் வீட்டுக் கட்டுப்பாடுகளுக்கு அடங்கி வாழ்வான். பின்னர் அந்த மாணவன் இவன் இல்லத்திற்கு வந்து அவ்வாறே தங்குவான். விடுதியும் இல்லை, வாடகையும் இல்லை. வீட்டுக்கு வீடு, பிள்ளைக்குப் பிள்ளை.

மொழி கற்பதற்கும் ஊர் பார்ப்பதற்கும் ஏற்பட்ட வசதி என்று இதனைக் கருதுவோர் உண்டு. அப்பயன்களும் உண்மையே. ஆனால் இம்முறை மிகப் பெரிதாக வளர்ந்த இரு நாடுகளின் வரலாற்றைச் சற்று ஊன்றிப் பார்த்தால், நம் இல்லங்களுக்கும் பங்குகளுக்கும் உரிய ஒரு பாடம் அதில் அடங்கியிருப்பது புலனாகும். அந்நாடுகள் பிரான்சும் ஜெர்மனியும்.

எழுபது ஆண்டுகள், மூன்று போர்கள்

1870, 1914, 1939. எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை இவ்விரு நாடுகளும் ஒன்றையொன்று எதிர்த்துப் போர்க்களம் கண்டன. 1916இல் வெர்தூன் என்னும் ஊரைச் சுற்றி நடைபெற்ற போர் பத்து மாதங்கள் நீடித்தது. இரு தரப்பிலுமாக ஏறக்குறைய 3 இலட்சம் வீரர்கள் அங்கே மடிந்தனர். பாட்டனை முதல் உலகப் போரிலும் தந்தையை இரண்டாம் உலகப் போரிலும் பறிகொடுத்த குடும்பங்கள் இரு நாட்டிலும் இருந்தன. எல்லையில் இருந்த அல்சாசு மாநிலத்து மக்களோ, குடியிருந்த வீட்டை விட்டு அசையாமலே, 1871 முதல் 1945 வரை நான்கு முறை நாடு மாறினார்கள்.

ரெய்ம்ஸ் நகரத்துப் பேராலயத்தின் கதையைக் கேளுங்கள். பிரான்சு நாட்டு மன்னர்கள் பல நூற்றாண்டுகளாக முடிசூட்டப்பெற்ற திருத்தலம் அது. 1914 செப்டம்பரில் ஜெர்மானியப் பீரங்கிகள் அதன்மேல் குண்டு மாரி பொழிந்தன. கூரை முழுவதும் தீக்கிரையாகியது. சுவரில் நின்ற வானதூதர்களின் சிலைகள் உடைந்து வீழ்ந்தன. சுட்டவர்களிலும் கத்தோலிக்கர் இருந்தனர். உள்ளே காயத்தோடு கிடந்தவர்களிலும் கத்தோலிக்கர் இருந்தனர். ஒரே இலத்தீன் மொழியில் ஒரே திருப்பலியை ஒப்புக்கொடுத்தவர்கள், பதுங்குகுழிகளில் ஒரே செபமாலையைக் கையில் உருட்டியவர்கள், ஒருவரையொருவர் கொன்றார்கள். ஞானஸ்நானம் பெற்றதனால் மட்டும் பகை போய்விடுவதில்லை என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுமா?

சிறைக்குள்ளே ஒரு மறையுரை

இந்தப் பகையின் நடுவே, அதை முறிக்கத் துணிந்த கிறிஸ்தவர்களும் இருந்தனர். மொந்தோபான் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர் பியேர் மாரி தேயாஸ். யூதர்கள் நடத்தப்பட்ட கொடுமையைக் கண்டித்து 1942இல் சுற்றுமடல் எழுதி ஆலயங்களில் வாசிக்கச் செய்தவர். 1944இல் ஜெர்மானியர் அவரைக் கைது செய்து கொம்பியேன் முகாமில் அடைத்தனர். அங்கே உடனிருந்த கைதிகளுக்கு அவர் ஆற்றிய மறையுரை எதைப் பற்றியது தெரியுமா? பகைவரை நேசிப்பதைப் பற்றியது. முள்வேலிக்கு வெளியே பகைவர் துப்பாக்கியோடு நிற்கையில், உள்ளே பட்டினியோடு நின்ற மக்களிடம் அவர்களுக்காகச் செபிக்கும்படி ஓர் ஆயர் கேட்டார். கேட்டவர்களில் சிலர் முகஞ்சுளித்திருந்தால் அவர்களை நாம் குறை கூற முடியுமா?

அடுத்த ஆண்டு, 1945இல், மார்த்தா டோர்ட்டேல் குளோதோ என்னும் பிரெஞ்சு ஆசிரியை ஜெர்மனிக்காகச் செபிக்கும் ஒரு சிறு குழுவைக் கூட்டினார். ஆயர் தேயாஸ் அம்முயற்சிக்குத் துணைநின்றார். ‘பாக்ஸ் கிறிஸ்தி’, அதாவது கிறிஸ்துவின் சமாதானம், என்று இன்று உலகமெங்கும் அறியப்படும் கத்தோலிக்க இயக்கம் அந்தச் செபத்திலிருந்தே பிறந்தது. ஆயர் தேயாஸ் பின்னாளில் லூர்து நகர் அடங்கிய மறைமாவட்டத்திற்கு ஆயரானார்.

பேராலயத்தில் இரு முதியவர்கள்

1945 மே 7ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் சரணடைந்த உடன்படிக்கை அதே ரெய்ம்ஸ் நகரில், ஒரு பள்ளிக்கட்டடத்தில் கையெழுத்தாயிற்று. 17 ஆண்டுகள் சென்றபின், 1962 ஜூலை 8ஆம் நாள், அந்நகரத்துப் பேராலயத்தில் இரு முதியவர்கள் அருகருகே நின்று திருப்பலியில் பங்குகொண்டார்கள். ஒருவர் ஜெர்மனியின் தலைமை அமைச்சர் கொன்ராடு அடனாவர், வயது 86. மற்றவர் பிரான்சின் குடியரசுத் தலைவர் சார்லஸ் தெ கோல், வயது 71. தெ கோல் 1916இல் வெர்தூன் போரில் காயமுற்றுப் பிடிபட்டு, இரண்டரை ஆண்டுக்கு மேல் ஜெர்மனியில் கைதியாக இருந்தவர். அடனாவர் கொலோன் நகரத் தலைவராக இருந்து, 1933இல் நாசிகளால் பதவி பறிக்கப்பட்டு, பின்னர் சிறையும் கண்டவர். இருவரும் கத்தோலிக்கர். தம் நாட்டார் குண்டுவீசி எரித்த ஆலயத்தில் அடனாவர் நின்றார். தம்மைச் சிறைவைத்த நாட்டின் தலைவருக்கருகில் தெ கோல் நின்றார். பேராயர் பிரான்சுவா மார்த்தி அவர்களை வரவேற்றார்.

இரு தலைவர்கள் ஆலயத்தில் அருகருகே நின்றுவிட்டால் இரு நாட்டு மக்களும் கூடிவிடுவார்களா? மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தெ கோல் லுட்விக்ஸ்பர்க் நகருக்குச் சென்று, ஜெர்மானிய இளைஞர்கள் முன்னிலையில், அவர்களுடைய மொழியிலேயே உரையாற்றினார். 1963 ஜனவரி 22ஆம் நாள் எலிசே மாளிகையில் நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதே ஆண்டு ஜூலை மாதத்தில், இளையோர் பரிமாற்றத்திற்கென்றே இரு நாடுகளும் சேர்ந்து ஓர் அலுவலகத்தை நிறுவின. செலவில் இரு அரசுகளுக்கும் சரிபாதி. அன்று தொடங்கி இன்று வரை 90 இலட்சத்திற்கும் மேற்பட்ட இளையோர் அதன் வழியாக எல்லை கடந்து சென்று வந்திருக்கிறார்கள். இரண்டு வாரம் தங்குவோர் உண்டு. 1989இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி ஏறக்குறைய 12 வாரங்கள் தங்குவோரும் உண்டு. அத்திட்டத்திற்குப் பிரிஜித் சொசே என்னும் அம்மையாரின் பெயர் வழங்குகிறது. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர் அவர்.

வீட்டுக்குள்ளே நடப்பது

சரி, அந்த வாரங்கள் எவ்வாறு கழிகின்றன? முதல் நாட்கள் எளிதானவை அல்ல. பள்ளியில் ஐந்து ஆண்டு கற்ற மொழி, பந்தியில் நால்வர் ஒரே நேரத்தில் பேசும்போது காதுக்கு எட்டுவதில்லை. மாலைக்குள் தலை வலிக்கும். நகைச்சுவைக்கு எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் பொருள் விளங்கும். தன் வீட்டில் சிரிக்கவைக்கும் பிள்ளையாக இருந்தவன், அங்கே வாய்பேசாப் பிள்ளையாகிறான். வீட்டு நினைவு இரவில் வந்து நெஞ்சை அழுத்தும்.

பழக்கங்களும் புதியன. பிரெஞ்சு வீட்டில் இரவு உணவு ஏறத்தாழ எட்டு மணிக்கு, சூடாக, ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஜெர்மானிய வீடுகள் பலவற்றில் மாலையிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்து உணவை முடித்துக்கொள்வார்கள். பிரெஞ்சு மாணவன் மாலை வரை பள்ளியில் இருப்பான். ஜெர்மனியின் பல பள்ளிகள் நண்பகல் கடந்ததும் முடிந்துவிடும். பிரான்சில் மதிப்பெண் 20க்கு. 20 பெற்றவன் முதல்வன். ஜெர்மனியிலோ 1 முதல் 6 வரை. 1 பெற்றவனே முதல்வன். தாம் பெற்ற ‘ஒன்று’ என்னும் மதிப்பெண்ணைப் பெருமையோடு கூறிய ஜெர்மானியப் பிள்ளையைப் பார்த்துப் பிரெஞ்சு வீட்டுப் பாட்டி இரக்கப்பட்டால், குற்றம் யாருடையது?

யாரை ‘நீ’ என்பது, யாரை ‘நீங்கள்’ என்பது என்பதிலும் தடுமாற்றம் உண்டு. நம் தமிழைப் போலவே அவ்விரு மொழிகளிலும் இருவகை முன்னிலை வழக்கு இருக்கிறது. முதலில் ‘நீங்கள்’ என்று விளித்த பிள்ளையிடம் அவ்வீட்டுத் தாய், இனி என்னையும் ‘நீ’ என்றே கூப்பிடு என்று சொல்லும் நாள், அவன் அவ்வீட்டில் விருந்தாளி என்னும் நிலையைக் கடந்த நாள்.

சமயத்திலும் வேற்றுமை காண்கிறான். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பள்ளியிலேயே மறைக்கல்வி ஒரு பாடம். பிரான்சிலோ, அல்சாசு போன்ற சில பகுதிகள் நீங்கலாக, அரசுப் பள்ளியில் மறைக்கல்விக்கு இடமில்லை. தனக்கு இயல்பாகக் கிடைத்த ஒன்று பிறருக்குக் கிடைப்பதில்லை என்று அறியும் பிள்ளை, அதன் அருமையை அன்றுதான் உணர்கிறான்.

எல்லாப் பரிமாற்றமும் நட்பில் முடியும் என்று நான் கூறவில்லை. இரு பிள்ளைகளின் குணம் ஒத்துவராமல் போவதும் உண்டு. அழுதுகொண்டே நாட்களை எண்ணும் பிள்ளைகளும் உண்டு. ஆயினும் ஒன்று நிச்சயம். ஒருவன் வீட்டில் உண்டு உறங்கியவன், அவ்வீட்டு நோயாளிப் பாட்டனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன், பின்னர் அந்நாட்டாரைப் பற்றி ‘அவர்கள் எல்லோரும் அப்படித்தான்’ என்று எளிதில் பேசமாட்டான். அவன் மனத்தில் ‘அவர்கள்’ என்ற சொல்லுக்கு ஒரு முகம் வந்துவிட்டது.

நவம்பர் 11

இலையுதிர் காலத்தில் எல்லை கடக்கும் பிள்ளைக்கு ஒரு சிறப்பான நாள் வாய்க்கிறது. நவம்பர் 11ஆம் நாள் பிரான்சில் பொது விடுமுறை. 1918இல் அந்நாளில், முற்பகல் 11 மணிக்குப் போர் ஓய்ந்தது. சிற்றூர்தோறும் ஒரு கல்தூண் உண்டு. போரில் மடிந்த அவ்வூர் இளைஞர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே குடும்பப் பெயர் இரண்டு முறை, மூன்று முறை வருவதைக் காணலாம். அண்ணன் தம்பிகள் அவர்கள். அத்தூணின் முன்னே மக்கள் கூடி மௌனமாக நிற்கையில், அவர்கள் நடுவே ஒரு ஜெர்மானிய மாணவன் தன் பிரெஞ்சு நண்பனின் அருகில் நிற்பதை மனக்கண்ணில் பாருங்கள்.

அதே நவம்பர் 11 புனித மார்ட்டினாரின் திருநாள். ஜெர்மனியில் அன்று மாலை சிறுவர் சிறுமியர் காகித விளக்குகளை ஏந்திப் பாடிக்கொண்டு பவனி செல்வார்கள். சிவப்பு மேலாடை அணிந்த வீரர் ஒருவர் குதிரைமேல் முன்செல்வார். ஆமியான் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலாடையை இரண்டாக வெட்டிக் கொடுத்த படைவீரர் அல்லவா மார்ட்டினார்! இன்றைய ஹங்கேரி நாட்டில் பிறந்து, பிரான்சில் தூர் நகரத்து ஆயராக வாழ்ந்தவர் அவர். அயல்நாட்டில் பிறந்தவரைப் பிரான்சு தன் புனிதராகக் கொண்டாடுகிறது. பிரான்சு மண்ணில் அடக்கமான ஆயருக்கு ஜெர்மானியக் குழந்தைகள் விளக்கேந்துகிறார்கள். எதிரி நாட்டுப் புனிதர் என்று ஒருவர் இல்லை என்பதை இறந்தோர் தூணருகில் நின்ற பிள்ளையும், விளக்கேந்திச் சென்ற பிள்ளையும் சேர்ந்து கற்கிறார்கள்.

பெற்றோர் கற்கவேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து நம் குடும்பங்களுக்குச் சில எண்ணங்களைக் கூற விழைகிறேன்.

முதலாவது, பிள்ளையை அனுப்புவதைக் காட்டிலும் பிள்ளையை ஏற்பது அரிது. தன் மகன் வெளிநாடு போய்வந்தால் பெருமை. பிறர் மகன் தன் வீட்டில் பல வாரம் தங்கினால் சுமை என்று நினைப்பது மனித இயல்பு. பரிமாற்றத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. கொடுக்காமல் பெறமுடியாது. மம்ரே தோப்பில் வெயிலில் வந்த மூவரை அபிரகாம் ஓடிச்சென்று வரவேற்றார். சாரா மாவு பிசைந்தார். தாம் உபசரிப்பது யாரை என்று முன்கூட்டி அறிந்தா செய்தார்கள்? வரும் விருந்தினர் ஒவ்வொருவரையும் கிறிஸ்துவாகவே ஏற்கவேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு ஒழுங்கு வகுத்தார். ‘தகுதியான விருந்தினர்’ என்ற விதிவிலக்கை அவர் எழுதவில்லை.

இரண்டாவது, அயலார் வீட்டில் நம் பிள்ளை நடந்துகொள்ளும் முறை, நம் வீட்டில் அவன் கற்றதைக் காட்டிவிடும். தன் தட்டைத் தானே எடுத்துவைக்காத பிள்ளை, படுக்கையை மடிக்காத பிள்ளை, நன்றி கூறாத பிள்ளை, எந்த நாட்டிற்குச் சென்றாலும் ஒரு வாரத்தில் பாரமாகிவிடுவான். பாஸ்போர்ட்டும் பெட்டியும் ஒரு மாதத்தில் தயாராகிவிடும். இப்பழக்கங்களுக்குப் பத்து ஆண்டு வேண்டும்.

மூன்றாவது, பழைய காயங்களைப் பிள்ளைகள் தலையில் ஏற்றாதீர்கள். அந்நாட்டுப் பெற்றோரை எண்ணிப்பாருங்கள். 1963இல் பிள்ளையை எல்லை கடந்து அனுப்பிய தாய்மாரில், போரில் கணவனை இழந்தவர்கள் இருந்தனர். அண்ணனை இழந்தவர்கள் இருந்தனர். அவர்கள் மறந்துவிடவில்லை. இறந்தவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்கள். கல்லறையில் மலர் வைத்தார்கள். ஆயினும் தம் பிள்ளைக்குப் பெட்டி கட்டினார்கள். மன்னிப்பு என்பது மறதி அன்று. நினைவோடு கதவைத் திறப்பது.

அடுத்த தெரு எவ்வளவு தூரம்?

இனி, என் நெஞ்சில் நெடுநாளாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளில் பலர் இன்று கடல் கடந்து செல்கிறார்கள். அங்கே எந்த நாட்டார் வீட்டிலும் உண்கிறார்கள். எந்த நிறத்தாரோடும் ஒரே அறையில் தங்குகிறார்கள். அந்தப் புகைப்படங்களை நாம் பெருமையோடு உறவினர்க்குக் காட்டுகிறோம். நல்லது. ஆனால் அதே பிள்ளை, ஒரே பீடத்தில் நம்மோடு நற்கருணை வாங்கும் அடுத்த தெருக் குடும்பத்தின் வீட்டில் ஒரு வேளை உண்டிருக்கிறானா? அத்தெருப் பிள்ளை நம் வீட்டுத் திண்ணையைத் தாண்டி அடுக்களை வரை வந்திருக்கிறானா? சாதியின் பெயரால் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பிய பங்குகள் நம் தமிழ்நாட்டில் உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது. வெர்தூன் போர் அங்கே நடக்கவில்லை. 3 இலட்சம் பேர் அங்கே மடியவில்லை. இருந்தும் அந்தச் சுவர் நிற்கிறது.

ரெய்ம்ஸ் ஆலயத்தை எரித்த மக்களின் பிள்ளைகளும், எரியக்கண்ட மக்களின் பிள்ளைகளும் ஒரே பந்தியில் அமர முடிந்தது. நமக்கு என்ன தடை?

எனவே ஒரு சிறு முயற்சியை உங்கள் முன் வைக்கிறேன். இவ்வாண்டு விடுமுறையில் உங்கள் பங்கின் மறைக்கல்வி மாணவர்களில் இருவர் இருவராகச் சேருங்கள். ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாக வேண்டாம். ஒரு சனிக்கிழமை ஒரு பிள்ளை மற்றவன் வீட்டில் தங்கட்டும். அவ்வீட்டார் உண்பதையே உண்ணட்டும். அவ்வீட்டு மாலைச் செபத்தில் முழந்தாளிடட்டும். ஞாயிறு காலை அக்குடும்பத்தோடு திருப்பலிக்கு நடந்து வரட்டும். அடுத்த சனிக்கிழமை மற்றவன் இவன் வீட்டுக்கு வரட்டும். பாஸ்போர்ட் வேண்டியதில்லை, விமானச் சீட்டும் வேண்டியதில்லை. வேறு சமையல் செய்யவேண்டும் என்றோ, புதுத் தட்டு வாங்கவேண்டும் என்றோ யாரும் பரபரக்க வேண்டாம். உங்கள் பிள்ளை உண்ணும் தட்டே போதும். இந்தக் கடைசி வார்த்தையைத் தயவுசெய்து மீண்டும் ஒருமுறை வாசியுங்கள்.

வீட்டில் முதியவர் யாரேனும் மறுப்புக் கூறலாம். அவர்களோடு சண்டையிட வேண்டாம். அவர்களை இகழவும் வேண்டாம். அவர்கள் அவ்வாறே வளர்க்கப்பட்டார்கள். பொறுமையோடு எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் பிள்ளையின் வருகையைத் தள்ளிப்போடாதீர்கள். எம்மாவுஸ் சிற்றூரில் அந்த இரு சீடரும் வழிப்போக்கரை வற்புறுத்தி வீட்டுக்குள் அழைத்தபின்னரே, அப்பம் பிட்கையில் ஆண்டவரைக் கண்டுகொண்டார்கள். வாசலிலேயே விடைகொடுத்து அனுப்பியிருந்தால் யாரை இழந்திருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

உங்கள் இல்லங்களின் கதவுகள் திறந்திருக்க இறைவன் அருள்புரிவாராக.

கிறிஸ்துவில் அன்புள்ள,
உங்கள் பங்குத் தந்தை